நாலிலிருந்து ஐந்து வரை

“காலை ஆட்டாம உட்கார முடியாதா உங்களால?”

“முடியாது மேடம். பள்ளிக்கூடத்துலயே இதுக்காக பெஞ்சு மேல ஏத்தி விட்டிருக்காங்க. அங்கயும் ஆடுச்சு. பெஞ்சும் சேர்ந்து ஆடுச்சு.”

நீங்கள் சிரிக்கவில்லை. கதவருகே நின்றிருந்த காவலர்தான் சிரித்தார். பிறகு சில வெள்ளைத் தாள்களையும் ஒரு நீலப் பேனாவையும் என் பக்கம் தள்ளி, “ஏன் நாலு மணி? அதை மட்டும் உங்க கையால எழுதிக் கொடுங்க” என்றீர்கள்.

எழுதுகிறேன். கேள்வி நியாயமானதுதான். ஒரு நாளில் இத்தனை மணிநேரம் இருக்கும்போது அந்த ஒன்றை மட்டும் ஏன் எடுத்தேன் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் என் வேலையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். ஆறாவது மாடி, ஜன்னல் திறக்காத அறை, பன்னிரண்டு பேர். நாளைக்கு எது எவ்வளவு ஏறும், எது எவ்வளவு இறங்கும், அதில் எவ்வளவு ஆபத்து என்று கணிதத்தை வைத்துச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. எல்லாக் கணக்கையும் நாங்களே முதலிலிருந்து எழுத மாட்டோம். உலகத்தில் எங்கோ ஒருவர் அதை ஏற்கெனவே கணினி நிரலாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருப்பார். அப்படி வைக்கப்பட்ட நிரல் கட்டுக்கு லைப்ரரி என்று பெயர். சரியான லைப்ரரியைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு. அதனால் எனக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் அக்கா மட்டும் இன்றுவரை நான் எங்கோ புத்தகம் அடுக்குகிறேன் என்றே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. அது அமைதியான வேலையாகத் தெரிந்தது.

ஒரு லைப்ரரி சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று யாரும் பார்த்துவிடலாம். அது நாளைக்கும் உயிரோடு இருக்குமா என்று பார்ப்பதுதான் தொழில். கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை புகார்கள் தீராமல் கிடக்கின்றன, புகார் சொன்னால் எத்தனை நிமிடத்தில் பதில் வருகிறது என்றெல்லாம் பார்ப்போம். இவற்றோடு எங்கள் தொழிலில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்கும் ஒரு எண் உண்டு. எத்தனை பேர் மீது பஸ் ஏறினால் இந்த லைப்ரரி சாகும்? பெரிய லைப்ரரிகளுக்கு இருபது, முப்பது பேர் தேவைப்படுவார்கள். நாங்கள் அதை பஸ் எண் என்போம். யாரும் அதைக் கொடூரமாக நினைத்ததில்லை.

அந்த மாதம் எங்களுக்கு விடுபட்ட நாட்களைக் கையாளும் லைப்ரரி ஒன்று வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாட்டுச் சந்தையும் ஒவ்வொரு நாளில் மூடிக் கிடக்கும். விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுநடுவே ஓட்டைகள் விழும். பெரும்பாலான லைப்ரரிகள் நேற்றைய விலையை இழுத்து அந்த ஓட்டையை அடைத்துவிடும். கணக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், பொய்யும் சொல்லும். பதினோரு லைப்ரரிகளைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். பன்னிரண்டாவதில் என் கால் நின்றது. மேடம், உண்மையாகவே நின்றது.

அது ஓட்டையை ஓட்டையாகவே வைத்திருந்தது. ஒவ்வொரு படியிலும் அதைக் கூடவே பத்திரமாக எடுத்துச் சென்று, கடைசியில் ‘இந்த இடம் எனக்குத் தெரியாது, ஆகவே இந்த விடையை இவ்வளவுதான் நம்பலாம்’ என்றது. அதன் கையேட்டின் முதல் வரி: ‘இல்லாத நாளை இல்லை என்றே வைத்திருங்கள். நிரப்பினால் ஏமாறப் போவது நீங்கள்தான்.’ நான் எழுந்து தாழ்வாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து மறுபடி படித்தேன். நிரலுக்கு நடுவே குறிப்புகள் இருந்தன. ‘இந்த இடத்தில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். நீங்கள் மாட்ட வேண்டாம், இடது பக்கமாகப் போங்கள்.’ சிலர் கதைப் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படிப்பார்களே, அப்படி அன்று மாலைக்குள் அதை முழுதும் படித்து முடித்தேன்.

எழுதியவர் ஒரே ஆள். காப்பீட்டு நிறுவனத்தில் மனிதர்களின் ஆயுளைக் கணக்கிட்டு ஓய்வு பெற்றவர். பஸ் எண் ஒன்று.

கையேட்டின் கடைசியில் ஓர் அறிவிப்பு இருந்தது. அதை நினைவிலிருந்தே எழுத முடியும். ‘தினமும் மாலை நாலிலிருந்து ஐந்து வரை நான் இருக்க மாட்டேன். என் மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறாள், சரியாக விழுங்க முடியாது. காலையும் மதியமும் உதவிக்கு ஒருவர் வருகிறார். மாலையில் நான் மட்டும்தான். ஒவ்வொரு கரண்டியும் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும், அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த ஒரு மணிநேரம் அவளுடையது. மற்றதெல்லாம் உங்களுடையது.’

அதை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவரிடம் போனேன். எல்லோரும் அவரைத் தலை என்றே கூப்பிடுவோம்.

“எத்தனை பேர் எழுதறாங்க?”

“ஒருத்தர், தலை.”

“ஒருத்தரா? அவருக்கு ஜுரம் வந்தா நாம பன்னண்டு பேரும் மாத்திரை போடணுமா? போடா.”

“பத்து நிமிஷத்துக்குள்ள பதில் போடறார். அனேகமா எப்பவும்.”

“அது என்ன அனேகமா?”

“நாலுலேருந்து அஞ்சு மட்டும் வரமாட்டார்.”

“சந்தை மூடி நாம கணக்கை முடிக்கறதே நாலரைக்கு. கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தாச்சு, மாப்பிள்ளையைத் தவிரங்கற மாதிரி சொல்றியே.” அவர் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார். “வேற பாரு மோப்பம். இல்ல, அந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது அடைச்சுட்டு வா.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவர்மேல் பழி போட இதை எழுதவில்லை.

ஓர் அட்டவணை தயாரித்தேன். காலை ஆறிலிருந்து இரவுவரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். எந்த நேரத்தில் புகார் சொன்னால் எத்தனை நிமிடத்தில் தீர்வு வருகிறது என்று அதில் குறிக்க வேண்டும். ஒரே ஆள் அத்தனை முறை கேட்டால் சந்தேகம் வரும். அதனால் மூன்று பேரை உண்டாக்கினேன். நிறையச் சந்தேகம் உள்ள ஒரு மாணவன், எதிலும் குறை காணும் ஒரு பழைய அதிகாரி, பிறகு ஒரு பெண். தையல் தொழிலாளர் சங்கம் ஒன்றில் வயதானவர்களின் ஓய்வூதியப் பட்டியலைத் தயாரிப்பவள் அவள். மூவருக்கும் அவர் பதில் எழுதினார். மாணவனிடம், ‘தம்பி, இன்றைக்கு இது மூன்றாவது கேள்வி. நாலாவதுக்கு இலை போட வேண்டியிருக்கும்.’ அதிகாரியிடம், ‘ஐயா, உங்கள் கோபம் சரி, கூட்டல்தான் தப்பு.’ அந்தப் பெண்ணை மட்டும் தங்கச்சி என்றார்.

இருபத்து மூன்று நாட்களில் கட்டங்கள் நிரம்பின. காலை ஆறுக்கு ஏழு நிமிடம், மதியத்துக்குப் பதினொன்று, எட்டு, பத்து. எல்லாம் பச்சை. சராசரி ஒன்பது. நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளைக் கட்டம் என்னை என்ன செய்தது என்று எழுதுவது கடினம். காகிதக் கோப்பைகளின் விளிம்பைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். தினமும் நாலு மணிக்கு மாடிப்படியில் போய் நின்றுகொண்டு ஐந்துக்கு வந்தேன். அந்த நேரம் அவர் எங்கோ ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு எதுவும் தெரியவில்லை. அக்காவுக்குக்கூடப் பொறுக்கவில்லை.

“ஏன்டா கூண்டுல போட்ட மாதிரி சுத்துற? உக்காரு, எனக்குத் தலை கிறுகிறுங்குது.”

“ஒரு கட்டம் காலியா இருக்குக்கா.”

“இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. அது உன்கிட்ட சோறா கேக்குது?”

அவள் சொன்னது சரி. அவருடைய லைப்ரரியும் அதை அப்படியே விட்டிருக்கும்.

பத்தொன்பதாம் நாளே நான் அந்தப் பெண்ணின் பெயரில் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தேன். என் அம்மாவுக்கும் பக்கவாதம், அவளும் விழுங்க மாட்டாள் என்று. என் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது, அவள் கடைசி நாள்வரை நன்றாகச் சாப்பிட்டாள். அவர் நீண்ட பதில் போட்டார். கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், தலையணையை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும், விழுங்கிவிட்டதைத் தொண்டையில் விரல் வைத்து எப்படித் தெரிந்துகொள்வது என்று. முடிவில், ‘உனக்கு மட்டும் சொல்கிறேன் தங்கச்சி, உயிர் போகிற அவசரம் என்றால் புகாரின் தலைப்பில் மூன்று நட்சத்திரம் போடு. என் போன் மணியடிக்கும். எந்த நேரமானாலும் வருவேன்.’

செவ்வாய்க்கிழமை, நாலு மணி எட்டு நிமிடத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன்.

எட்டு நிமிடம் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சரியாக நாலுக்குக் கூப்பிட்டால் ஊட்டுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்துவிடுவார். அது நேர்மையான அளவீடு ஆகாது. தொடங்கியிருக்க வேண்டும்.

முந்நூறு பேருடைய ஓய்வூதியம் சுழியம் என்று வருகிறது, பட்டியல் ஐந்துக்குள் போக வேண்டும் என்று எழுதினேன். லைப்ரரியில் ஒரு பிழையும் இல்லை. அப்படி ஒரு விடை வருவதற்காக ஒரு தேதியை நான்தான் திருகி வைத்திருந்தேன். அதற்கே இரண்டு நாள் பிடித்தது, அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

நாலு பதினொன்றுக்குப் பதில் வந்தது. ‘தங்கச்சி, அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். பாதிக் கிண்ணம் ஆகிவிட்டது. இருபது நிமிடம் தருவாயா?’

மூன்று நிமிடத்தில் ஒரு பதில். சோதனையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யோசித்தேன். ஆனால் என் அட்டவணை தீர்வைத்தான் அளந்தது. ‘இருபது நிமிடம் இல்லை அண்ணா, வாசலில் கிழவிகள் நிற்கிறார்கள்’ என்று எழுதினேன்.

நாலு பதின்மூன்றுக்கு ‘வருகிறேன்’ என்றார்.

நாலு இருபத்திரண்டுக்குத் தீர்வு வந்தது. தவறு லைப்ரரியில் இல்லை, ஒரு தேதி பிசகியிருக்கிறது என்று வரி எண்ணோடு காட்டியிருந்தார். ‘பயப்படாதே, யாருக்கும் நஷ்டமில்லை’ என்று முடித்திருந்தார். ‘வருகிறேன்’ என்றதிலிருந்து ஒன்பது நிமிடம். அவருடைய சராசரியேதான். நான் கட்டத்தில் ஒன்பது என்று போட்டுப் பச்சை அடித்தேன். பன்னிரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாலு இருபத்தாறுக்கு இன்னொரு செய்தி வந்தது. ‘தங்கச்சி’ என்று மட்டும். அதற்குப் பின் எதுவும் இல்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கையேட்டைத் திறந்தபோது கடைசி அறிவிப்பு மாறியிருந்தது. ‘நாலிலிருந்து ஐந்து வரை என்ற குறிப்பை நீக்கிவிட்டேன். இனி அது தேவையில்லை.’ வேறொன்றும் எழுதவில்லை. வாயில் இருந்ததை அவள் விழுங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த இரண்டு வரிகளைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

அட்டவணையில் ‘தடைகள்’ என்று ஒரு பத்தி உண்டு. அதில் ‘நாலு மணி’ என்று இருந்ததை அழித்துவிட்டு ‘நீங்கியது’ என்று எழுதினேன். தலை பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, மனுஷன் மாடு மாதிரி உழைக்கறாரே. எடுத்துக்கலாம்” என்றார். அந்தத் தங்கச்சியைத் தேடி எங்கள் அலுவலகம்வரை வந்து எடுத்த அந்தத் தாளைத்தான் இன்று காலை என் முன் வைத்து, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். யார் நீங்கியது என்று தெரிந்துதான் எழுதினேன்.

இன்னும் ஒன்று, அதையும் எழுதிவிடுகிறேன். பாதிக் கிண்ணம் என்று அவர் சொன்னபோது என் முன்னால் இரண்டு வழி தெரிந்தது. ஒன்றும் ஆகாவிட்டால் ஒன்பது நிமிடம் என்று நிரூபணமாகும். ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஒரு மணிநேரம் இனி எப்போதும் காலியாக இருக்கும். எப்படியும் கட்டம் நிரம்பிவிடும். இதை நான் மெதுவாக, தெளிவாக யோசித்தேன். அப்போது என் கால் ஆடவில்லை. ஆகவே ஆமாம், நான்தான் செய்தேன். அந்த அம்மாவிடம் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. முகம்கூடத் தெரியாது.

இப்போது நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவர் லைப்ரரியைத் தொடவே இல்லை. பதினேழு புகார்கள் தீராமல் கிடக்கின்றன. அதில் ஒன்று நிஜமான பிழை, லீப் வருடத்தில் ஒரு நாள் தள்ளிப்போகிறது. யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கான திருத்தத்தை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன், ஒரே வரிதான், என் சொந்தப் பெயரில். அவர் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே போகும்.

நாளைக்கு அவர் வாக்குமூலம் கொடுக்க இங்கே வருகிறார் என்று காவலர் சொன்னார். என்னைப் பற்றி நீங்கள் எதுவும் நல்லதாகச் சொல்ல வேண்டாம். அவருக்கு இப்போது நாலு மணியும் காலியாகத்தானே இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிடச் சொல்லி அவரிடம் கேட்பீர்களா, மேடம்?