காலி நாற்காலிகளிடம் பேசியவர்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே, கதவோரம் நின்று கேட்கும் காளையரே, வணக்கம்!

போன கூட்டத்தில் ஒரு தாய் என்னைக் கேட்டார்: "வாத்தியாரய்யா, அழுகையைக் காட்டக் கண்ணீர் இருக்கு. தனிமையைக் காட்ட சினிமாவுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது? பரந்த வெளியில் ஒரு புள்ளியாய் மனிதனை நிறுத்தலாம். சன்னல் கம்பிக்குப் பின்னே முகத்தை வைக்கலாம். ஊரோசையை எல்லாம் உறிஞ்சிவிட்டுக் கடிகாரத்தை மட்டும் ஒலிக்க விடலாம். ஆனால் அம்மா, வீடு நிறைய ஆளிருக்க, ஒருவர் தனியராய்த் தவிப்பதை எப்படிக் காட்டுவது?

என் தம்பி மகள் ஒரு படம் எடுத்தாள். வசனம் சரிபார்க்க என்னையும் அழைத்தாள். சாப்பாட்டு மேசை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். கிழவர் பேசுகிறார், யாரும் நிமிர்வதில்லை. அவள் வகுத்த வழி இது: பேசுகிற முகம் மட்டுமே திரையில் தெரியும். கேட்கிற முகம் ஒன்றுகூடத் தெரியாது. தட்டில் கரண்டி படும் ஓசை மட்டும் கேட்கும். பேச்சுக்கு ஒரு முகமும் பதில் தராவிட்டால், பேசுகிறவர் பாலைவனத்தில் அல்லவா நிற்கிறார்?

கிழவராக நடித்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குரல் அப்படி, அதனால் எங்களுக்கு அவர் 'ஹாரன் அண்ணன்'. மனைவியை இழந்தவர். மகன் வீட்டு மாடியறையில் வாசம். மகன், மருமகளாக நடித்தவர்களின் முகம்தான் தெரியப்போவதில்லையே என்று அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள். கேமரா ஓடியது. அண்ணன் கொஞ்சம் பேசினார், நிறுத்திவிட்டார்.

"எதிர்ல யாராச்சும் உட்காருங்கப்பா. காலி நாற்காலிகிட்ட பேச நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரணுமா? வீட்லயே பேசிக்குவேனே!"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஓடிப்போய் உட்கார்ந்தோம். லைட் பிடிக்கும் தம்பி, மேக்கப் அக்கா, நான். மறுபடி கேமரா ஓடியது. என்ன ஆயிற்று? அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது! எழுதிய வசனத்தை விட்டுவிட்டு, நடுவழியில் நின்ற பேருந்தைக் கல்யாண மாப்பிள்ளையே இறங்கித் தள்ளிய கதையைக் கையை வீசிச் சொல்கிறார்! காட்சி கெட்டது.

தம்பி மகள் என் காதருகே குனிந்தாள். "பெரியப்பா, இவ்வளவு சந்தோஷமா இருக்காரே. உங்களையெல்லாம் எழுந்து போகச் சொல்ல எப்படி வாய் வரும் எனக்கு?"

படம் பெரிதா, மலர்ந்த முகம் பெரிதா? "சொல்லாதேம்மா" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் இன்ஜின் இரைச்சலுக்குள் விசிலைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது அண்ணனுடையது!

"என்ன பாப்பா, என் மூஞ்சி சிரிச்சிருச்சா? எழுந்திருங்கப்பா எல்லாரும். படம் நல்லா வரணும்ல?"

எழுந்தோம். நாற்காலிகள் நகர்ந்த ஓசை அடங்கியது. அண்ணன் பேசினார். அந்த ஒரு முறைதான். அதுதான் படத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் "என்ன நடிப்பு! என்ன நடிப்பு!" என்கிறார்கள். நடிப்பா அது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நடிப்பா அது? எங்களைப் பார்த்துச் சிரித்துப் பேசினாரே, அந்த முகத்தை எவரும் பார்க்கவில்லை. அதை வெட்டி எறிந்தாயிற்று.

அன்பர்களே! திரையில் கேட்கிற முகத்தை நீக்கினால் தனிமை பிறக்கிறது. வீட்டில் அதை நீக்குகிற இயக்குநர் யார்? நீங்களும் நானும் தானே!

இவ்வளவு நேரம் எனக்குத் தந்த உங்கள் முகங்களுக்கு நன்றி; வணக்கம். வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பாருங்கள்.