மிச்சமிருக்கும் நாலு நாள்

ஹலோ... ஹலோ... ஆமாடா, அக்காதான். கடை நம்பர்ல வேற யாரு எடுப்பா?... சரியா கேக்கல, மெஷின் ஓடுது. இரு, கதவச் சாத்திட்டு வர்றேன்... ம், இப்பச் சொல்லு.

என்னது?... என்ன முடிஞ்சிருச்சு?... டேய், முந்தாநாள்தான்டா போய் இறங்குன! நேத்துப் பொண்ணப் பாத்து, நேத்தே முடிஞ்சிருச்சா? ஆறு மாசம் காது வெந்துபோற அளவுக்குப் போன்ல பேசுனீங்களே ரெண்டு பேரும், நேர்ல எவ்வளவு நேரம் பேசுனீங்க?... நாப்பது நிமிஷம். அடேங்கப்பா. ஒன்பது மணி நேரம் பறந்து போயி நாப்பது நிமிஷம். நம்ம சலவைக் கடையில ஒரு கம்பளி காயவே அதுக்கு மேல ஆகும்.

வேண்டாம்னு சொன்னது நீயா, அவளா?... ஆமா, இத வேற கேக்கணுமாக்கும்.

சரி விடு. ஆம்புலன்ஸ் ஓட்டுற பொண்ணு, வேகமாத்தான் இருப்பா. ஆள ஏத்துனமா, எறக்குனமா, அடுத்த ஆளப் பாத்துப் போனமான்னு... உன்னையும் அப்படியே எறக்கி விட்டுட்டா. சைரன் போட்டாளா?... என்னடா சத்தம்? அழுறியா?... சளியா. சரி, சளின்னே வச்சுக்குவோம்.

இப்ப எங்க இருக்க?... ரூம்ல. ரூம்ல எங்க?... கட்டில்ல. நேத்து சாயங்காலத்துல இருந்து கட்டில்லயா? ரொம்ப நல்லது. வெளிநாட்டுக் கட்டில் எப்படி, நம்ம வீட்டுக் கட்டில் மாதிரியே அதுக்கும் நாலு காலா?

வர்றியா? எப்படி வருவ?... அதான், டிக்கெட்ட மாத்த முடியாதுன்னு அன்னிக்கே சொன்னாங்கல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்கதான் கெடக்கணும்... ஆமா... ஆமா, இன்னிக்கும் சேத்து நாலு நாள். ஆமாடா, எனக்கும் எண்ணத் தெரியும்.

என்ன பண்றதுன்னு நான் சொல்லணுமா?... சொல்றேன். ஊரே உன் கடைக்கு வந்து கண்ணாடி போட்டு உலகத்தப் பாக்குது. நீ உலகத்துக்கே போயிட்டு கண்ண மூடிப் படுத்திருக்க. மொதல்ல எந்திரி. இன்னிக்கு மியூசியம் போ. பழசெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பாங்க. கேட்டுப் பாரு, முப்பத்தி நாலு வயசு, இன்னும் பிரிக்கவே இல்லன்னு சொன்னா உனக்கும் ஒரு பெட்டி ஒதுக்குவாங்க...

ஒரு நிமிஷம் இரு. வாங்க சார்... கோட்டு வெள்ளிக்கிழமதான் சார் சொன்னோம்... அது மைக்கறை சார், ஒரே நாள்ல போகாது, அதுக்கும் கொஞ்சம் மனசு வரணும்ல... சரிங்க சார்.

ம், எங்க விட்டேன்? மியூசியம். நாளைக்கு ஆத்துல படகு விடுறாங்கன்னு சொன்னியே, அதுல போ. மேல் தட்டுல உக்காராத, ஒனக்குத் தல சுத்தும். வெள்ளிக்கிழம கடைத்தெரு. உங்க மாமாவுக்கு ஒரு ஷூ, ஒன்பதாம் நம்பர். சனிக்கிழம பெட்டி கட்டு. துணிய உருட்டி வைக்காத, மடிச்சு வை... என்னடா, கரகரன்னு சத்தம்? எழுதிக்கிட்டா இருக்க?... எழுது, எழுது. ஒன்பதாம் நம்பர்னு போட்டியா?

சரி, அவ என்ன காரணம்தான் சொன்னா?... சும்மா சொல்லு... பொருத்தமில்லன்னா என்ன பொருத்தமில்ல? உயரமா? வேலையா? இப்ப நீ சொல்லலன்னா நானே அவளுக்குப் போன் போட்டுக் கேப்பேன்... ஏன், நான் கேக்கக் கூடாதா? அதுல உனக்கு என்ன பயம்?

என்னாலயா?

நான் என்னடா பண்ணேன்? நான் இங்க கறைய எடுத்துக்கிட்டு இருக்கேன்... என்ன சீட்டு?... நம்ம கடைச் சீட்டா? காலர்ல நான் குத்தி விட்டதா? டேய், எந்த நாளுக்கு எந்தச் சட்டைன்னு நீ தெரிஞ்சுக்கத்தான குத்துனேன், போடுறப்ப எடுக்க மாட்டியா?... கழுத்துக்குப் பின்னால தொங்கிக்கிட்டு இருந்துச்சா! ஐயோ... அவளே எடுத்தாளா... வாசிச்சாளா?... "செவ்வாய், பொண்ணப் பாக்க." ஆமா, எழுதுனேன். கையெழுத்து நல்லாத்தான இருந்துச்சு?

சரி, ஒரு சீட்டு. சிரிச்சுட்டுப் போக வேண்டியதுதான... சிரிச்சாளா? அப்புறம் என்ன?

காப்பியா டீயான்னு கேட்டா. ம். அதுக்கு நீ... இரு. இரு இரு இரு. "அக்கா, காப்பி குடிச்சா எனக்கு நெஞ்செரியுமா"ன்னு நேத்து ஒரு மெசேஜ் போட்டியே. அது அவ முன்னால உக்காந்துக்கிட்டா போட்ட?... நான் டீன்னு பதில் போட்டேன். போட்டேனே. பக்கத்துல ஒரு சிரிச்ச மூஞ்சி வேற போட்டேனேடா...

எத்தன தடவ?... "அக்காகிட்டக் கேக்கணும்"னு பதினோரு தடவ சொன்னியா? எண்ணிக்கிட்டே இருந்தாளா?... கல்யாணத்துக்கு அப்புறம் எங்க இருக்கலாம்னு கேட்டதுக்கு அக்காகிட்டக் கேக்கணும். கொழந்த... அதுக்குமா? அதுக்கு என்கிட்ட என்னடா கேப்ப!

கடைசியா என்ன சொன்னா? பூசி மெழுகாம சொல்லு... "முடிவெடுக்கிறது அவங்கதான்னா, அவங்களையே அனுப்பியிருக்கலாமே." ம்... நல்லாத்தான் பேசுறா. நான் போயிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு வந்திருப்பேன்.

இருடா, இஸ்திரிப் பெட்டிய அணச்சுட்டு வர்றேன்... ம், சொல்லு.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. அம்மா போனப்ப உனக்கு ஒன்பது வயசு. ஸ்கூலுக்கு எந்தச் சட்டையப் போடுறதுன்னு தெரியாம ஜட்டியோட நின்னுக்கிட்டு இருந்த. எனக்கே அப்ப பத்தொன்பது. ஒரு சட்டைய எடுத்துக் குடுத்தேன். மறுநாளும் குடுத்தேன். எப்ப நிறுத்தணும்னு யாரு எனக்குச் சொன்னா? மத்த வீட்டுல எல்லாம் எந்த வயசுல நிறுத்துறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீயும்தான் போதும்க்கான்னு ஒரு நாளும் சொல்லல... ஆமா, சொல்லல. நீட்டுனா வாங்கிக்கிட்ட.

சரி சரி, நீ மூக்க உறிஞ்சாத. எனக்கும் இங்க சளி.

என்னது, இன்னும் ஒண்ணு சொன்னாளா?... "நாலு நாள் இருக்குல்ல, யாரையும் கேக்காம நீங்களா என்ன பண்றீங்கன்னு பாப்போம். ஞாயித்துக்கிழம கெளம்புறதுக்கு முன்னால எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க"... இப்படியா சொன்னா? இதே வார்த்தையா?... டேய். டேய்! அப்ப அவ கதவச் சாத்தவே இல்லடா!

அவ அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் நீ பண்ண மொத வேல என்ன? எனக்குப் போன் போட்டு, நாலு நாள் என்னக்கா பண்றதுன்னு கேட்டது! கெட்டிக்காரன்டா. உனக்குச் செல வைக்கணும். நானும் ஷூ நம்பர் வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்... எழுதுனியே, அந்தப் பேப்பர் எங்க? கிழி அத... கிழிச்சுட்டியா? பாரு, அதையும் நான் சொல்லித்தான் கிழிச்சிருக்க.

என்னங்க, கொஞ்சம் கடையப் பாத்துக்கங்க... ஆமா, தம்பிதான். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான், கட்டில்ல இருக்கான்.

இல்ல, நான் சொல்ல மாட்டேன்... மியூசியமா, படகா, எனக்குத் தெரியாது... நீ தெருவுல இறங்கி வலது பக்கம் போ, இல்ல எடது பக்கம் போ... எந்தப் பக்கம்னா கேக்குற? அடப்பாவி!

ம்?... என்ன பாத்த?... ஜன்னல் வழியாவா?... எதிர்ல கண்ணாடிக் கடையா? சின்னதா, ஒரு கெழவர் தனியா லென்சு தேய்ச்சுக்கிட்டு... நேத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கியா? கையால தேய்க்கிறாரா? அப்படிக் கையால சுத்துற மெஷின் நீ பாத்ததே இல்லையா?... போயி பக்கத்துல நிக்கணும்போல இருக்கா... நல்லா இருக்குமான்னு என்னையக் கேக்காத. சத்தியமா எனக்குத் தெரியாது. லென்சப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

போறியா? இப்பவேவா?... சரி... சரி... அந்த ஊதாச் சட்ட வேண்டாம், சாம்பல் கலர் ஒண்ணு அடியில வச்சிருக்கேன் பாரு, அதப் போட்டுக்க. தலையச் சீவு. அவருகிட்டப் போன ஒடனே வணக்கம்னு... என்ன?... என்னடா சொன்ன?... ஹலோ? ஹலோ?

வச்சுட்டான்.

இல்லங்க, லைன் கட்டாகல. "போதும்க்கா, நான் வச்சுடுறேன்"னு சொல்லிட்டு வச்சான். நான் பேசிக்கிட்டு இருக்கப்பவே வச்சான்... சிரிக்கல, யாரு சிரிச்சா?... இல்ல, திரும்பக் கூப்பிட மாட்டேன். இந்தாங்க, இந்தப் போன அந்த மேல் தட்டுல வைங்க. இன்னும் மேல. என் கைக்கு எட்டக் கூடாது.