பதில் அனுப்ப வேண்டாம்

கொஞ்சம் பொறுங்க... இந்த இடத்துல ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு, அப்புறம் பேச்சுக்கு வர்றேன். பெத்தவங்க கூட்டம், இவன் மார்க்கைப் பத்திப் பேசுவான்னு நினைச்சு வந்திருப்பீங்க. மார்க் எங்கயும் ஓடிப் போயிடாது. கதையைக் கேளுங்க.

பாளையங்கோட்டையில ஒரு ரத்தப் பரிசோதனை லேப். பேரு வேண்டாம். சுத்துப்பட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் அங்கிருந்துதான் ரிப்போர்ட் போகும்... மெயில்ல. கம்ப்யூட்டரைக் கவனிச்சுக்கிறது ஜெபராணின்னு ஒரு அம்மா. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மெயில் அனுப்புற பழைய மிஷினையும் சாஃப்ட்வேரையும் தூக்கிட்டுப் புதுசு போட்டாங்க. போட்டதும் என்ன பண்ணுவோம்? போகுதா வருதான்னு பாப்போம்ல? ஜெபராணியும் பாத்தாங்க. ஆபீஸ்ல இருக்கிற முப்பத்தாறு பேருக்கும் ஒரு மெயில்.

"வந்துச்சா?"

"வந்துருச்சு மேடம்!"

முப்பத்தாறு பேரும் சொல்லிட்டாங்க. எல்லாரும் யாரு? அதே கட்டடத்துல உக்காந்திருக்கிறவங்க! பக்கத்து சீட்டுக்குப் போயிட்டா தூத்துக்குடிக்குப் போயிடுமா? யாருக்கும் தோணலை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டெக்னீஷியன் முப்பிடாதி தனியா வேலையில இருக்காரு. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில பேச்சித்தாய்னு ஒரு அம்மாவுக்கு, திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வயித்துல ஆபரேஷன். 'ரத்தம் சரியா உறையுது'ன்னு வெள்ளிக்கிழமையே ரிப்போர்ட் போயிடுச்சு. முப்பிடாதி அந்த ரத்தத்தை மறுபடி எடுத்துப் பாக்குறாரு... ரெண்டு பேரோட குப்பி மாறிப்போச்சு! இந்தம்மாவுக்கு ரத்தம் லேசுல உறையாது. கத்தியை வச்சா நிக்காது!

உடனே 'அவசரம், திருத்தம்'னு போட்டுப் புது ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டாரு. திரையில பச்சை டிக். அனுப்பியாச்சு... வீட்டுக்குப் போயிட்டாரு. "ஒரு போன் பண்ணக் கூடாதா?"ன்னு அங்க பின்வரிசையில ஒரு அக்கா முணுமுணுக்கிறாங்க. நீங்க பண்ணியிருப்பீங்களா அக்கா? கல்யாணப் பத்திரிகையையே வாட்ஸ்அப்ல தள்ளிட்டு, 'சொல்லியாச்சு'ன்னு உக்காந்துக்கிற ஆளுங்க நாம!

திங்கக்கிழமை, பத்தேகால். கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபராணிக்கு ஒரு போன்.

"மேடம், ரெண்டு நாளா எங்களுக்கு ஒரு ரிப்போர்ட்டும் வரலையே?"

"இங்க அனுப்பினதா காட்டுதே சார்."

"காட்டட்டும் மேடம். இங்க வரலை."

ஜெபராணி திரையை மறுபடி பாக்குறாங்க. எல்லாத்துக்கும் டிக் இருக்கு. ஒரு புகார் கூட இல்லை. போகாத மெயில் திரும்பி வரணுமே... எங்க வந்துச்சு? எங்க?

ரிப்போர்ட் வர்ற மெயில்ல கீழ ஒரு வரி இருக்கும், பாத்திருப்பீங்க. 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.' அந்த முகவரிக்கும் ஒரு பெட்டி இருக்குங்க. யாரும் திறக்கிறதில்லை. பாஸ்வேர்டையே தேடி எடுக்க வேண்டியிருந்துச்சு. திறந்தாங்க...

இருநூத்திப் பதினாலு மெயில்! அத்தனையும் திரும்பி வந்தது. லேப் பேர்ல மெயில் அனுப்ப எந்த மிஷினுக்கு உரிமைன்னு ஒரு பதிவு இருக்குமாம். அதுல பழைய மிஷினோட பேர்தான் இருக்கு. மாத்த மறந்தாச்சு. 'நீ யாருன்னே தெரியாது'ன்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரி சர்வரும் திருப்பி விட்டிருக்கு. சனிக்கிழமையிலிருந்து அந்தப் பெட்டிக்குள்ள கத்திக்கிட்டே இருக்கு... கேக்க ஆளில்லை.

ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே வர்றாங்க. 'அவசரம், திருத்தம்... பேச்சித்தாய்.'

மணி? பத்தே முக்கால்.

தூத்துக்குடிக்கு போன் போட்டாங்க. எங்கேஜ்டு. மறுபடி போட்டாங்க. எங்கேஜ்டு. மூணாவது தடவை... அடிக்குது... அடிக்குது...

"யாரும்மா?"

"சிஸ்டர், பேச்சித்தாய்னு ஒரு பேஷண்ட்..."

"அவங்களை உள்ள கொண்டு போயாச்சேம்மா!"

"கத்தி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க சிஸ்டர்! ரத்தம் நிக்காது! ரிப்போர்ட் தப்பு! ஓடுங்க, ஓடுங்க!"

செருப்புச் சத்தம் ஓடுது. அப்புறம் ஒண்ணும் கேக்கலை. ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... ஆபீஸே எழுந்து நிக்குது. ஜெபராணி வாயில "ஏசப்பா"வைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. மூச்சு வாங்க அந்த சிஸ்டர் திரும்பி வந்தாங்க.

"மயக்க ஊசியைக் கையில எடுத்துட்டாங்கம்மா... போடுறதுக்குள்ள நிறுத்தியாச்சு."

ஜெபராணி மேஜையில தலையைக் கவுத்து அழுதாங்க.

கைதட்டாதீங்க. இப்ப சொல்லுங்க, தப்பு எங்க? பதிவை மாத்த மறந்ததா? அது அரைமணி நேர வேலை, அன்னைக்கே மாத்திட்டாங்க. நான் சொல்ற தப்பு வேற. 'நான் சொல்லுவேன், உன் பதில் எனக்கு வேண்டாம்'னு எழுதி வச்சுட்டு, புகாரே இல்லை, எல்லாம் நல்லாப் போகுதுன்னு நம்புனாங்க பாருங்க... அதுதான்!

நாம வீட்ல என்ன பண்றோம்? 'படி. போனை வை. அவன்கூடச் சேராதே.' ஒரு நாளைக்கு எத்தனை அனுப்புறோம்! புள்ளை வாயைத் திறந்தா? 'எதிர்த்துப் பேசாதே.' அப்புறம் பக்கத்து வீட்ல பெருமை... 'எம்புள்ளை தங்கம், ஒண்ணுமே சொல்லாது.' சொல்லலையா? இல்லை, சொன்னதெல்லாம் நாம திறக்காத பெட்டியில கிடக்குதா? சாப்பாடு வேண்டாம்னு எழுந்து போறது எதுக்கு? வாரா வாரம் திங்கக்கிழமை மட்டும் வயித்துவலி வருதே, எதுக்கு? கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கே அந்தப் புள்ளை... அந்தக் கதவுல 'அவசரம்'னு எழுதியிருக்குங்க! போய்த் திறந்து பாருங்க. திட்டாம, குறுக்க பேசாம, அது சொல்றதை முழுசாக் கேளுங்க.

உங்களுக்கு மட்டும் சொல்லலை. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. இன்னைக்குக் காலையில "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. "கூட்டத்துக்கு நேரமாச்சு"ன்னு செருப்பை மாட்டிட்டு வந்து, இங்க நின்னு உங்களுக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருக்கேன். வீட்டுக்குப் போன உடனே "சொல்லும்மா"ன்னு அவ முன்னாடி உக்காரப் போறேன். "ஒண்ணுமில்லைப்பா"ன்னு அவ சொல்லிடக் கூடாது... அந்தப் பயம்தான் இப்ப எனக்கு.