பிரியா லாட் சிவப்பாகும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அர்த்தநாரி அவர்களே, துயரத்தோடு வந்திருக்கும் சண்முகப்பிரியாவின் துணைவர் தரணீதரன் அவர்களே, தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுத் தோழர்களே! தரக்கட்டுப்பாட்டு மேலாளர் லிங்கசாமி பேசுகிறேன். மைக்கைப் பிடித்தால் மேசையைத் தட்டுகிற ஆள் நான். இன்று கை எழவில்லை.

நம் டேட்டாபேஸ் நிர்வாகி சண்முகப்பிரியா காய்ச்சலென்று படுத்தார். எழுந்து வருவார் என்றுதானே இருந்தோம்? வரவில்லையே!

போன ஆண்டு கைக்குழந்தை பனியன் ஆர்டர். ஒரே சாயத்தில் தோய்த்த துணித் தொகுதிதான் லாட். சாயச் சோதனையில் தேறிய லாட் திரையில் பச்சை, தேறாதது சிவப்பு. அன்று திரை முழுக்கப் பச்சை. எனக்கு ஒரே குஷி. பிரியா மட்டும் முகம் சுளித்தார்.

"ஏம்மா பிரியா, எரர் ஒண்ணும் வரலையே?"

"அதுதானுங்கண்ணா பயமா இருக்குது. தேறாத லாட் ஒண்ணுகூடவா இருக்காது?"

உள்ளே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனை அட்டவணையைக் கேட்டுவரும் சப்-க்வெரி, க்வெரிக்குள்ளே ஒரு சின்னக் கேள்வி அது. உள்ளே எழுதிய லாட் எண் எந்த அட்டவணையுடையது என்று பெயர் இல்லை. அதனால் வெளியே இருந்த லாட்டைப் பார்க்காமல், சோதனை அட்டவணை எண்ணையே எடுத்து அதனோடு அதையே ஒப்பிட்டிருக்கிறது. பொருந்தாமல் போகுமா? பெயரைச் சேர்த்து ஓட்டினார். இரண்டு லாட் சிவப்பு! பிள்ளை வாயில் வைத்துச் சப்புகிற துணி ஐயா அது!

அன்றே, தேறாத ஒரு பொய் லாட்டை அவரே டேட்டாபேஸில் போட்டுவைத்தார். நாங்கள் அதைப் பிரியா லாட் என்போம். "க்வெரியை யார் தொட்டாலும் இது சிவப்பா வருதான்னு பாருங்க. பச்சையா வந்தா எதையும் நம்பாதீங்க" என்றார்.

இன்று காலை இங்கே கிளம்பும் முன் திரையைத் திறந்தேன். பிரியா லாட் பச்சை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ க்வெரியில் கை வைத்திருக்கிறார்கள். யாரென்று கேட்டு மல்லுக்கட்ட இது இடமில்லை. ஆனால் தலைவர் அவர்களே, கேட்டில் லாரி நிற்கிறது. உள்ளே மறுபடியும் குழந்தைத் துணி. துணி வாங்கும் பையர் கத்துவார், தெரியும். அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட மாட்டேன்! பிரியாவின் இந்தப் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன், போட மாட்டேன்!

எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டால் சொல்ல அவர் இல்லை. அவர் பிரிவு வர்ஷினி இருக்கிறார், நாம் இருக்கிறோம். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்போம். முடிந்ததும் யாரும் உட்கார வேண்டாம். க்வெரியைச் சரிசெய்ய அப்படியே சர்வர் அறைக்குப் போவோம், வாருங்கள்.