நாலு அம்பது வெயில்

இல்ல தம்பி, மூஞ்சி விழாது, பயப்படாம நில்லுங்க. நான் எடுக்கிறது நிழல மட்டும்தான். இன்னும் ரெண்டடி தள்ளி, கைப்பிடிச் சுவர் பக்கம், ஆமா, கொடிக்கயித்துக்கு இந்தப் பக்கம். வெயில் முதுகுல அடிக்குதா? அப்ப சரி. எதிர்ல குடோன் சுவத்தப் பாருங்க, நாம ரெண்டு பேரும் எவ்ளோ ஒசரமா நிக்கிறோம்னு.

சிரிக்கிறீங்க. உங்க பொண்டாட்டியும் இப்படித்தான் சிரிப்பா. ஊர்ல எல்லாரும் பூவையும் பூனையையும் படம் எடுத்தா, எங்கக்கா மட்டும் வாளி நிழல், நாற்காலி நிழல்னு அலையிறான்னு. கூடப் பொறந்தவ, கேலி பண்ணட்டும்னு விட்டுடுவேன். நான் என்ன பண்றது, இருபத்தி ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேன். அதுவும் நிழல்தானே? வந்துட்டுப் போற ஆளுங்க மூஞ்சி எனக்கு ஞாபகமே இருக்காது. படத்தக் காட்டினா யாருன்னு சொல்லிடுவேன்.

இந்தச் சுவத்துக்காகத்தான் நான் வீடு மாத்தாம கிடக்கிறேன். ஜன்னலே இல்லாத வெள்ளைச் சுவர், சாயங்காலம் நம்ம மொட்டை மாடி அப்படியே அதுல விழும். கேமராவக் கீழ என் சமையக்கட்டு ஜன்னல்ல கட்டி வச்சுட்டு டூட்டிக்குப் போயிடுவேன். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு அதுவா எடுத்துக்கும். தெரியாதா? நீங்க மேல் வீட்டுல இருந்தப்ப அவளுக்குத் தெரியுமே. உங்ககிட்ட சொல்லல போலிருக்கு.

இன்னையோட அவ போயி ஒரு வருஷம். துணி எடுக்க மாடிக்கு வந்தவ கால் இடறி விழுந்துட்டான்னாங்க. கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல நிக்குது, இதுல எப்படி இடறும்னு கேக்கக்கூட அன்னைக்கு எனக்குப் புத்தி வேலை செய்யல. நீங்க வேலையிலேருந்து ஓடி வந்ததாச் சொல்லி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதீங்க. உங்களுக்குத் தண்ணி குடுத்தவளும் நான்தான்.

அப்புறம் எட்டு மாசம் நான் கேமராவத் தொடல. ஒரு ஞாயித்துக்கிழமை, கார்டக் காலி பண்ணலாம்னு உட்கார்ந்தேன். அந்தச் சாயங்காலம் அப்படியே இருக்கு. நாலு நாப்பதுல கொடியில துணி, பக்கத்துல அவ ஒருத்தி. பின்னலப் பாத்ததுமே அழுதுட்டேன். நாலு அம்பதுல ரெண்டு பேர். அஞ்சு மணிப் படத்துல துணி மட்டும்.

யாருன்னா கேக்குறீங்க? நிழல்ல மூஞ்சி ஏது. ஆனா இடது தோள் இறங்கியிருந்துச்சு. பைக்கிலேருந்து விழுந்து தோள்ல காரை எலும்ப ஒடைச்சுக்கிட்டு வந்தீங்களே, உங்களுக்கு நாலு தடவை படம் எடுத்தவ நான். கோணலாக் கூடிடுச்சு, இனிமே இந்தத் தோள் இறங்கித்தான் நிக்கும்னு டாக்டர் சொன்னார். சட்டை போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னீங்க. இப்பவும் சட்டை போட்டுத்தான் நிக்கிறீங்க. சுவத்துல தெரியுது பாருங்க.

இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டு போனேன். நிழல் யாரோடதா வேணா இருக்கலாமேம்மான்னார். நியாயம்தானே? எலும்பு கூடிச்சான்னு பாக்க நாங்க பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டுவோம். அந்த மாதிரி அதே ஆள், அதே எடம், அதே வெயில் வேணும். வெயில் அப்படியே விழணும்னா அதே நாள் வரணும். காத்திருந்தேன். அவ என்கிட்ட ஒளிச்சு வைக்கக் குடுத்த வளையல் இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்கன்னதும் நீங்களும் வந்துட்டீங்க. அன்னைக்கும் இங்க வந்து அதத்தான் கேட்டீங்களோ என்னவோ.

மணி பாருங்க. நாலு அம்பதா?

ஏன் தம்பி, இப்படி மூச்சு வாங்குது? கிட்ட வராதீங்க, அங்கேயே நில்லுங்க. ரெண்டு நிழலும் ஒண்ணாயிட்டா, கீழ என் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருக்கிற இன்ஸ்பெக்டருக்கு எது நீங்க எது நான்னு தெரியாது.