தரையில் இழுக்கும் பாவாடை

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் தணிந்த குரலில் சொன்னார்:

“செல்வி, என் உள்பாவாடை வளந்துகிட்டே போவுதுடி.”

இளையவள் சிரித்தாள். “துணி எங்கயாவது வளருமாக்கா?”

“தைச்சப்ப கணுக்காலுக்கு மேல நின்னுச்சு. இப்ப தரையில இழுக்குது. ரெண்டு தடவ மடிச்சுத் தைச்சிட்டேன்.”

செல்வியின் சிரிப்பு நின்றது.

“எங்க மாமியாரும் இப்படித்தான் குள்ளமாயிட்டே வந்தாங்க. எலும்புல சத்தே இல்லன்னு யாருக்கும் தெரியல. ஒரு நாள் தும்முனாங்க, முதுகெலும்பு நொறுங்கிடுச்சு. அதோட படுக்கைதான்.”

“சும்மா இரு. பயமாயிருக்கு.”

“இன்னிக்கு ஆஸ்பத்திரியில எலும்பு டெஸ்ட் இலவசமாப் பாக்குறாங்க. இறங்கிப் பாத்துடலாம்க்கா.”

“வேணாம். குனியக் கூடாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் நடவுக்கு என்னை யாரு கூப்புடுவா?”

அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். மூத்தவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, மேலே இருந்த கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினார். விரல்கள் கம்பிக்குக் கீழேயே துழாவின.

“போன வருஷம் எட்டுச்சே” என்றார்.

இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி வந்தா சொல்லு செல்வி.”