பள்ளத்தில் எடுத்தது

வலையின் நாலாவது கொக்கியை மாட்டியதும் கேட்டுவிடுவான் என்று ஆர்லீன் நினைத்துக்கொண்டாள். கை வேலையாக இருக்கும்வரை ராய்ஸ் எதையும் கேட்கமாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாட்டுக்குத் தீனி போட்டு முடித்த பிறகுதான் பள்ளியில் அடி வாங்கியதைச் சொல்வான். இந்தக் கொக்கி இன்னும் கொஞ்சம் மக்கர் பண்ணட்டும்.

பிக்கப் வண்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவள் தம்பி. நடுவில் தேவாலயத்து மே மாத விற்பனைக்குப் போகும் பழைய சாமான்கள்: துணிப் பெட்டிகள், இரண்டு மடக்கு நாற்காலிகள், குடை போன ஒரு மேசை விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கறுப்பு எலாஸ்டிக் வலை.

– உன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழு அக்கா. தூங்கிட்டியா?

– இழுத்துட்டுத்தான்டா இருக்கேன். உன் வலை என் காலுறை மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு.

– உன் காலுறைக்கு இது எவ்வளவோ மேல்.

– நீ எப்ப பாத்தே என் காலுறைய?

– ஊரே பாக்குதே, கணுக்கால்ல சுருண்டு கிடக்கிறத.

மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. தெற்கு டகோட்டாவின் அந்தப் பக்கத்தில், காற்று நின்றால்தான் ஜனங்கள் வாசலுக்கு வந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். வலையின் கட்டங்களுக்குள் ஒரு பெட்டியின் மூடி மெல்ல எழும்பி அடங்கியது. ஆர்லீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கி மாட்டிக்கொண்டது. ராய்ஸ் உள்ளங்கையால் சுமையை இரண்டு தட்டு தட்டினான்.

– இது எங்கேயும் போகாது.

அந்த வட்டாரத்தில் வண்டி ஏற்றுகிற எவரும் இதைச் செய்யாமல் கிளம்புவதில்லை. வைக்கோல் கட்டோ குளிர்பெட்டியோ, எதுவானாலும் இரண்டு தட்டு, அப்புறம் அந்தச் சொல். எதிர்ப்பக்கம் நிற்பவர் ‘போகாது’ என்று பதில் சொல்ல வேண்டும். அவர்கள் அப்பா அந்தப் பதில் வராமல் சாவியையே திருப்பமாட்டார். இறுக்கிக் கட்டியாயிற்றா என்று யாரும் இன்னொரு முறை பார்ப்பதில்லை. தட்டியாயிற்று, சொல்லியாயிற்று, அவ்வளவுதான்.

ஆர்லீன் பதில் சொல்லவில்லை. போன செப்டம்பரிலிருந்து அவள் அதைச் சொல்வதில்லை. ராய்ஸும் அதைக் கவனிக்காதவன் போலவே இருந்து வந்தான்.

செப்டம்பரில் அவளுடைய பழைய மெத்தையைக் குப்பைக் கிடங்கில் போட இதே வண்டியில், இதே வலைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனார்கள். கிடங்கு ஓடைப் பாலத்துக்கு அப்பால்தான். இலைச்சருகு மூட்டைகளையும் கிறிஸ்துமஸ் மரங்களையும் அந்த வலை பத்திரமாகக் கொண்டு சேர்த்திருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறியதும் காற்று மெத்தைக்கு அடியில் புகுந்தது. வலை நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு விட்டுவிட்டது. பின்னால் காரில் வந்தவள் மருந்துக்கடை டேனா. மெத்தைக்கு விலகியவள் சாலையோரப் பள்ளத்தில் காரோடு விழுந்தாள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள்.

வலைக்கு அடியில் சுமை கட்டும் நாடாப் பட்டைகள் இரண்டு போட்டு இறுக்கியிருந்ததாகவும் அவை அறுந்துவிட்டதாகவும் ராய்ஸ் அன்றைக்கே காவல் அதிகாரியிடம் சொல்லிவிட்டான். ஆர்லீனை யாரும் கேட்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை நீதிபதி கேட்பார்.

– காபி குடிக்கிறியா?

– நீ கேக்க வந்தத கேளு.

ராய்ஸ் பிளாஸ்கைத் திறந்து மூடினான். வண்டியின் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு தீவனச் சாக்கை எடுத்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பட்டைகள், நடுவில் பிய்ந்து நார் நாராகத் தொங்கின.

– இது என்னடா?

– அன்னைக்கு நீதானே பள்ளத்துல இறங்கினே. புல்லுல கிடந்துச்சு, எடுத்து வச்சேன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

– எங்கேருந்து வந்துச்சு இது?

– புதுசு. கத்தியால அறுத்தா தெரிஞ்சிடும்னு டிராக்டர்ல மாட்டி இழுத்துப் பிச்சேன்.

– பழசு?

– மாட்டுக் குளத்துல போட்டுட்டேன்.

பழைய பட்டைகள் அன்று எங்கே இருந்தன என்று ஆர்லீனுக்குத் தெரியும். வண்டிக்குள் அவள் காலடியில் சுருட்டிக் கிடந்தன. அவற்றின் இரும்புப் பூட்டு வழியெல்லாம் அவள் குதிகாலில் குத்திக்கொண்டே வந்தது. நகர்த்தி வைக்கக் குனிந்தபோதுதான் ராய்ஸ் கண்ணாடியைப் பார்த்து ஐயோ என்றான். அவன் பொய் சொன்னது அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இந்தப் பட்டைகளை அவன் தனியாக, கொட்டகையில், டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி, பொறுமையாகப் பிய்த்திருப்பான் என்பதுதான் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பொறுமையில் கால் பங்கு அன்று இருந்திருந்தால் போதும்.

– தப்பு என் மேலன்னு எழுதிட்டாங்கன்னா பஸ் போயிடும் அக்கா.

– தெரியும்.

– வேற எது போனாலும் பரவால்ல. காலைல அந்தப் பசங்கள ஏத்தலன்னா நான் எழுந்திருக்கவே வேண்டியதில்ல. வீட்டுல யார் இருக்கா எனக்கு?

பள்ளிப் பேருந்து ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தங்கவில்லை என்பது உண்மைதான். மனைவி போய்விட்டாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பனி கொட்டுகிற நாளில்கூட ஒரு பிள்ளையும் தாமதமாகப் பள்ளிக்குப் போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

– டேனாவோட பொண்ணும் உன் பஸ்லதானே வருது?

– வருது.

– எங்க உக்காரும்?

– முன்னாடி சீட்டு. முன்னெல்லாம் வழியெல்லாம் லொடலொடன்னு பேசிட்டு வரும். இப்ப ஜன்னலையே பாத்துட்டு வருது.

– நேத்து மருந்துக்கடைல டேனாவப் பாத்தேன். உன் தம்பி இன்னும் பஸ் ஓட்டறாரான்னு கேட்டா.

– நீ என்ன சொன்னே?

– ஓட்டறான்னேன்.

– அதுக்கு?

– நல்லதுன்னா. என் பொண்ணுக்கு வேற டிரைவர் பழகாதுன்னா.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். காற்றில் கண்ணைச் சுருக்கியபடி சாலைப் பக்கம் பார்த்தான்.

– உன் மெத்தைதானே அக்கா அது. நீ கூப்பிட்டதாலதான் வந்தேன்.

சொன்னதுமே அவன் முகம் சுருங்கியது.

– விடு. அத சொல்லியிருக்கக் கூடாது.

– நிஜந்தானே. என் மெத்தைதான்.

அவள் வலைக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பட்டையை வாங்கினாள். பிய்ந்த நுனி குழந்தையின் தலைமுடி மாதிரி மெத்தென்றிருந்தது. இவனுக்கு அவள்தான் முதன்முதலில் ஷூ நாடா கட்டிவிட்டவள். பள்ளியில் அவிழ்ந்துவிடும் என்று இரண்டு முடிச்சுப் போட்டு அனுப்புவாள். அவனுக்காக எத்தனை பொய் சொல்லியிருப்பாள். உடைந்த ஜாடிக்கு, குடித்த பீருக்கு, அப்பாவின் வண்டிக் கதவில் விழுந்த கீறலுக்கு. அதில் ஒன்றுகூட அவளுக்குக் கனத்ததில்லை. இந்தப் பட்டையும் கையில் கனமாக இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

– செவ்வாய்க்கிழமை எடுத்துட்டு வருவேல்ல?

அவள் பட்டையைச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயை முறுக்கி அவன் பக்கமே தள்ளினாள். பிறகு தன் பக்கத்துக் கொக்கிகள் இரண்டையும் கழற்றினாள். வலை சுருண்டு அவன் பக்கமாகப் போய் விழுந்தது.

– என்ன பண்றே?

– கயிறு இருந்தா கொண்டு வா. முதல்லேருந்து கட்டலாம்.

– அக்கா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

– அன்னைக்கு அந்தப் பள்ளத்துல நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான் ராய்ஸ். டேனாவோட ஒத்தை ஷூ. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு, குடுக்க முடியல. அப்புறம் குடுக்க முகமில்ல. இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துட்டு வரேன்.